கொடிமரத்துக்கு அப்பால் ஒரு மணி நேரம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வட்டாரத்துப் பெண்கள் கோயில் வளாகத்தில் கூடி உடற்பயிற்சி செய்வதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் வந்தவை. பேரப்பிள்ளைகள் எழுதித் தந்தவை. தமிழில் சுருக்கி, பெயர் சொல்லாமல் தருகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் பிசியோதெரபிஸ்ட். மதுரையில் பிறந்து, 1996இல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பழக்கம் மட்டும் விடவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை, பிரஷர். ஜிம்முக்குப் பணம் கட்ட யாராலும் முடியாது. ஹால் இல்லை, சாமான் இல்லை. நாங்களாக ஏதாவது தொடங்க முடியுமா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

முடியும் அம்மா. ஆனால் முதலில் நாங்கள் தோற்ற கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உபயோகம்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு அமைப்பு வந்தது. நல்ல மனசோடுதான் வந்தார்கள். முப்பது பாய், முப்பது டி-ஷர்ட், பெரிய ஸ்பீக்கர், வெளியிலிருந்து ஒரு இளம் பயிற்சியாளர். முதல் நாள் போட்டோ எடுக்க இடம் கொள்ளாத கூட்டம். தரையில் படுத்து எழும் பயிற்சி வைத்தார்கள். எழுபது வயது ஆயா ஒருவர் படுத்துவிட்டார், எழ முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார், மறுவாரம் வரவில்லை. ஏன் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. ஆறு வாரத்தில் ஏழு பேர் மிஞ்சினோம். அப்புறம் பயிற்சியாளருக்கு வேறு வேலை கிடைத்தது, ஸ்பீக்கரும் போய்விட்டது. பாய்கள் இன்னும் யாரோ வீட்டு கராஜில் கிடக்கின்றன.

மறுபடி தொடங்கியபோது தரைப் பயிற்சியை அடியோடு எடுத்துவிட்டோம். நேரத்தையும் மாற்றினோம். முன்பு காலை ஆறு மணி என்று வைத்திருந்தார்கள். டர்பனில் ஜூன் மாதம் ஆறு மணிக்கு இன்னும் இருட்டு. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் தெருவிளக்கும் இருக்காது, நாய்த் தொல்லை வேறு. அதைவிடப் பெரிய காரணம், எங்கள் பெண்களில் பலர் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். பிள்ளைக்குச் சீருடை மாட்டி, டிபன் கட்டி, வாசலில் அனுப்பிவிட்டுத்தான் அவர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். அதனால் செவ்வாய், வியாழன், காலை எட்டரை. பென்ஷன் வாங்கும் நாள் வந்தால் அன்று விடுமுறை, அன்றைக்கு வகுப்பு வைப்பது வீண்.

இடத்துக்குக் கோயில் கமிட்டியைக் கேட்டோம். ஒரு சிக்கல் வந்தது. கோயில் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு பயிற்சி செய்யவே கூடாது. காலில் உணர்ச்சி மரத்திருந்தால் கல் குத்தினாலும் தெரியாது, அந்தப் புண்தான் பிறகு விரலை எடுக்கும் வரை போகிறது. கமிட்டிப் பெரியவர் யோசித்துவிட்டு, "கொடிமரத்துக்கு அப்பால், சமையல்கொட்டகைப் பக்கம் செய்துகொள்ளுங்கள், அங்கே ஷூ போட்டுக்கொள்ளலாம்" என்றார். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் இடம் அது. இன்றுவரை அங்கேதான்.

சாமான் என்று கேட்டீர்கள். கல்யாண ஹால் பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொன்று, சுவரோரம் சாய்த்து வைத்தது. ஒரு துடைப்பக் குச்சி. கைக்கு இரண்டு டின். பேக்ட் பீன்ஸ் டின் 410 கிராம், பிடிக்க வாகாக இருக்கும். பில்சார்ட் மீன் டின்னும் ஏறக்குறைய அதே கனம்தான். ஆனால் கோயில் வளாகத்துக்குள் மீன் டின்னைக் கொண்டுவர யாருக்கும் மனசு வரவில்லை. புரட்டாசி என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே பீன்ஸ்.

ஒரு பயிற்சியை மட்டும் கிட்டத்தில் நின்று சொல்கிறேன். நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். பாதம் தரையில் நன்றாகப் படியட்டும், முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால். இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டுங்கள். மூக்கு கால்விரலுக்கு மேலே வருமளவு முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போதுதான் கவனம்: பொத்தென்று விழக்கூடாது, நாற்காலி இருக்கிறதா என்று பின்பக்கம் தேடுவதுபோல மெதுவாக. ஐந்து தடவை முடிந்தால் ஐந்து. கை ஊன்றித்தான் எழ முடியும் என்றால் ஊன்றட்டும். எங்களில் ஒரு ஆன்ட்டி முதல் மாதம் இரண்டு கையும் ஊன்றினார், அடுத்த மாதம் ஒரு கை, நாலாம் மாதம் கையே இல்லை. "டாய்லெட்டிலிருந்து எழ இனி மருமகளைக் கூப்பிட வேண்டாம்" என்று என் காதோடு சொன்னார். எந்த மெஷின் அளந்து சொல்லும் இதை?

மற்றதெல்லாம் இதுபோலத்தான். சுவரில் கை வைத்துத் தள்ளுவது, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதம் வைத்து நிற்பது, டின்னை முழங்கை மடக்கித் தூக்குவது, கடைசியில் வளாகத்தைச் சுற்றி நடை. மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் தூக்கக் கூடாது, பிரஷர் எகிறும். வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

இதெல்லாம் சுலபம். கடினமானது ஒன்றுதான், அதை நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள். ஒரு நோட்டில் பெயர் எழுதுங்கள். இரண்டு வகுப்புக்கு ஒருவர் வரவில்லையென்றால், மூன்றாம் நாளுக்குள் இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்பது போதாது. டேட்டா இருக்காது, அல்லது போன் மகனிடம் இருக்கும். நேரில் போனால்தான் தெரியும், கால் வீங்கியிருக்கிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, வீட்டில் அடிதடியா என்று. முதல் தடவை நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஜனங்களுக்குச் சோம்பல். டிவி முன்னால் உட்கார்ந்து பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) சாப்பிடுவார்கள், நோய் வந்தால் கவர்ன்மென்ட் பார்க்கட்டும் என்பார்கள். இவர்களுக்கு வகுப்பு நடத்தி என்ன பயன்? (வாசகர், லெனேசியா)

கோபம்தான் வருகிறது ஐயா, மறைக்க மாட்டேன்.

என் மாமியார் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகரசபையில் வேலை செய்த நம் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தன. வசதி ஒன்றும் கிடையாது, தகரமும் ஒண்டுக் குடித்தனமும்தான். ஆனால் சோம்ட்சூ சாலையிலிருந்து வேலைக்கு நடை, சந்தைக்கு நடை, கடலுக்கு நடை. சனிக்கிழமை கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஃபுட்பால். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளையர் அரசாங்கத்தார் அறுபதுகளில் அவர்களை அப்படியே பெயர்த்து, நகரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி, சாட்ஸ்வர்த் மேட்டில் கொண்டு போய்ப் போட்டார்கள். யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று இடத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை, நம்பர் போட்டார்கள். மாமனார் விடியுமுன் பஸ் ஏறி, இருட்டிய பின் பஸ் இறங்கினார். மாமியார் ஓயாமல் சொல்வார், "அங்கே காலால வாழ்ந்தோம், இங்கே பஸ்ஸால வாழுறோம்" என்று. லெனேசியாவுக்கும் அதே கதைதானே? ஃபியட்டாஸில் கடையும் வீடும் வைத்திருந்தவர்களை ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் அனுப்பினார்கள்.

நடக்கும் வாழ்க்கையை எடுத்துவிட்டு, நடைபாதை இல்லாத செங்குத்துத் தெருவைக் கொடுத்துவிட்டு, பூங்காவில் வைத்த கம்பிகளைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, சாயங்காலம் வெளியே போனால் கைப்பை போய்விடும் என்ற பயத்தையும் வைத்துவிட்டு, "ஏன் உட்கார்ந்திருக்கிறாய்" என்று கேட்பது நியாயமா? மலிவாக வயிறு நிறைப்பது வெள்ளை ரொட்டியும் எண்ணெயும் என்றால் ஏழை அதைத்தான் வாங்குவார். நம் இனத்தில் சர்க்கரை அதிகம் என்பது டர்பன் டாக்டர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். இரத்தத்தில் வந்ததும் உண்டு, இடத்தால் வந்ததும் உண்டு. இடத்தால் வந்ததை இடத்திலேயேதான் சரிசெய்ய வேண்டும், அதனால்தான் வகுப்பைத் தெருவுக்குள் கொண்டு வருகிறோம். நீங்களும் ஒருநாள் வந்து ஒரு மணி நேரம் எங்களோடு நின்று பாருங்கள். அப்புறமும் சோம்பல் என்றே தோன்றினால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இன்சுலின் போடுகிறார், முழங்கால் தேய்மானமும் உண்டு. இப்படிப்பட்ட வகுப்புக்கு அனுப்பலாமா, ஆபத்தா? (வாசகி, மெரிபேங்க்)

அனுப்புங்கள், சில ஏற்பாட்டோடு. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாதக் கடைசி, வியாழக்கிழமை. நடைக்கு முன்னால் ஒரு அக்கா டின்னைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே நின்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தார், பதில் இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தால் 2.9 (இங்கே mmol/L கணக்கு; இந்தியாவில் சொல்லும் mg/dL கணக்குக்கு 18ஆல் பெருக்குங்கள், சுமார் 52). சமையல்கொட்டகையில் சர்க்கரை இருந்ததால் பிழைத்தோம். மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம், 4.6. பேச்சு வந்தது. அப்புறம்தான் சொன்னார்: வீட்டில் இரண்டு துண்டு ரொட்டிதான் இருந்தது, அதைப் பேரனுக்கு டிபன் கட்டிவிட்டார். தான் சாப்பிடவில்லை, ஆனால் ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், "பயிற்சிக்கு முன் சாப்பிட்டீர்களா" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறேன். வீட்டில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதே இல்லை. அதிலிருந்து எங்கள் வகுப்பு எட்டேகாலுக்கு டீயும் பிரவுன் ரொட்டியும் பீநட் பட்டருமாகத்தான் தொடங்குகிறது. எல்லோருக்கும் சேர்த்து வைக்கிறோம். யாருக்கு வேண்டும் என்று கேட்டால் பசித்தவர் கை தூக்க மாட்டார். வறுமை உள்ள இடத்தில் உடற்பயிற்சி நடத்துகிறவர்கள் டின்னுக்கு முன்னால் ரொட்டிக்கு வழி செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் அம்மா விஷயம்: இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைட், கிளைகிளசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான் சர்க்கரை இறங்குவதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் மிகக் குறைவு. வகுப்புக்கு முன் அளவு 5-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பிறகு தொடங்கட்டும். 14-க்கு மேல் இருந்து உடம்பும் முடியவில்லை என்றால் அன்று நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும், கிளினிக்கில் காட்டுங்கள். பையில் எப்போதும் மிட்டாயோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். மூடிய ஷூ, உள்ளே சாக்ஸ், வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. கண் பின்பக்கத்தில் இரத்தக்கசிவு இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால், கனம் தூக்கும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

முழங்காலுக்குப் பயப்பட வேண்டாம். தேய்ந்த மூட்டைத் தாங்குவது தொடைத் தசைதான். உட்கார்ந்தே இருந்தால் அதுவும் போய்விடும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிப்பது பரவாயில்லை, மறுநாளும் வலி ஏறியே இருந்தால் அளவைக் குறையுங்கள். நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி ஆம்புலன்ஸ்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நிமிடம் செய்தால் போதும்? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. 65 தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் எடுத்துவிட்டார்கள். பாத்திரம் தேய்த்துவிட்டு மாடிப்படி இரண்டு தடவை ஏறினாலும் கணக்கில் வரும்.

கேள்வி: பார்க்ரன் என்ற சனிக்கிழமைப் பூங்கா ஓட்டம் நாடு முழுக்க இலவசமாக நடக்கிறதே. இந்தப் பெண்களை அங்கே அழைத்துப் போனால் போதாதா? நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஜொகன்னஸ்பர்க்கில் வேலை செய்கிறேன், ஒரு சனிக்கிழமையும் விடுவதில்லை. (வாசகர், மிட்ராண்ட்)

நல்ல பழக்கம் தம்பி, விடாதீர்கள். பார்க்ரன் எனக்கும் பிடிக்கும். அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹூவிட் இந்த நாட்டில் வளர்ந்தவர். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பார்க்கில் பதின்மூன்று பேர் ஓடியதில் ஆரம்பித்தது. 2011 நவம்பரில் ஜொகன்னஸ்பர்க் டெல்டா பார்க்கில் அதை இங்கே கொண்டு வந்தவர், காம்ரேட்ஸ் மாரத்தானை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ். 5 கிலோமீட்டர், நடந்தாலும் சரி. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக நடப்பதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பது. வேகமாக நடக்க முடியாத நம் ஆயாவுக்கு "நான்தான் கடைசி" என்ற வெட்கம் வராது.

ஆனால் பூங்கா வரை போக டாக்ஸிக்கு இரண்டு பக்கமும் காசு வேண்டும், பேரனை விட்டுவிட்டுப் போக ஆள் வேண்டும். அதனால் நாங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை, கோயில் வேன் கிடைத்தால் போகிறோம். மற்ற நாளெல்லாம் சமையல்கொட்டகைதான்.

ஓடத்தான் வேண்டும் என்பதும் இல்லை. லிம்போபோவில் ட்ஸானீன் பக்கம் பெக்கா ன்ட்சன்விசி என்ற அம்மையார் பாட்டிமார்களைச் சேர்த்து ஃபுட்பால் குழு ஒன்றே உருவாக்கினார், வாக்கெகுலா வாக்கெகுலா என்று பெயர். பாவாடையோடு பந்து உதைத்த அந்தப் பாட்டிகள் 2010இல் அமெரிக்கா போய் விளையாடிவிட்டு வந்தார்கள். உங்கள் ஊரிலேயே காஸ்மோ சிட்டியில் பாட்டிகள் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிப் பயிற்சி செய்கிறார்கள். மிட்ராண்டிலிருந்து அதிக தூரமில்லை, போய்ப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்களேன்.

கேள்வி: எங்கள் பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து ஜூலுப் பெண்களும் சேரக் கேட்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குப் பயம், அவர்களுக்கும் பயம். என்ன செய்வது? (வாசகி, டோங்காட்)

சேர்த்துக்கொள்ளுங்கள். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஜூலையில் ஃபீனிக்ஸில் உயிர்கள் போயின, இங்கேயும் ராத்திரி முழுக்கத் தெருமுனையில் ஆட்கள் காவல் நின்றார்கள். அதை மறந்துவிடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எங்கள் வகுப்புக்கு முதலில் வந்தது ஒரே ஒரு கோகோ. ஜூலுவில் பாட்டிக்கு அப்படித்தான் சொல்வார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஓடைக்கரை வீடு போய், மகள் வீட்டில் தங்கியிருந்தவர். வேலிக்கு வெளியே நின்று மூன்று செவ்வாய் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது செவ்வாய் எங்கள் ஆன்ட்டி ஒருவர் எதுவும் பேசாமல் ஒரு நாற்காலியைக் கொண்டு போய் வேலிப்பக்கம் போட்டார். இப்போது அந்தப் பக்கத்திலிருந்து பதினொரு பேர்.

எண்ணுவதில் ஒரு தகராறு வந்தது. நான் தமிழில்தான் எண்ணச் சொல்வேன், பிடிவாதமாக. இங்கே பிறந்த நம் பெண்கள் பலருக்குத் தேவாரம் பாடத் தெரியும், இருபது வரை எண்ணத் தெரியாது. இப்போது ஒரு சுற்று ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த சுற்று குன்யே, குபிலி, குதாது. கோகோவுக்கு 'ஏழு' சரியாக வருகிறது, நம்மவர்களுக்கு அதுவும் 'ஏலு'தான்.

டீ, ரொட்டி எல்லோருக்கும் ஒரே மேசையில் வையுங்கள். நோட்டில் பெயரைப் பக்கம் பிரித்து எழுதாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் இருவரில் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் என்று அனுப்புங்கள். தனியாகக் குடிசைப் பகுதிக்குள் போகத் தயங்குகிறவர் துணையோடு போவார். சென்ற மாதம் கோகோ இரண்டு வகுப்புக்கு வரவில்லை. நாற்காலி போட்ட அதே ஆன்ட்டிதான் போனார், அந்த ஓடையைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக. கோகோவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்து, கிளினிக்குக்குப் போக டாக்ஸிக் காசு இல்லாமல் படுத்திருந்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து போய் மாத்திரை வாங்கி வந்தார்கள்.